சாயப்பட்டறைக்குள் ஒரு கணினிப் பெட்டி: நான்காம் முறை பிழைத்தது

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறையில் இருந்தபோது, ஆறாம் எண் மெஷினுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் அலுமினியப் பெட்டியின் நான்கு ஸ்குரூக்களையும் கழற்றினேன். 2024 மார்ச்சில் மூடிய பெட்டி. பதினெட்டு மாதமாக யாரும் திறக்கவில்லை. மூடியின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன், ஈரம் இல்லை. டெர்மினலில் செருகியிருந்த செம்புக் கம்பி செம்பு நிறத்திலேயே இருந்தது. சாயப்பட்டறைக்குள் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் செய்தியின் மதிப்பு தெரியும். அங்கே தோலுரித்த கம்பித் துண்டு ஒன்றை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வந்தால் பச்சைக் களிம்பேறிக் கிடக்கும்.

இந்தப் பெட்டிக்கு முன் மூன்று பெட்டிகள் தோற்றன. இரண்டு கணினிப் பலகைகளும் நான்கு மெமரி கார்டுகளும் போயின. தோற்ற கதைதான் பயன்படும் என்பதால் அதை விட்டுவிடாமல் எழுதுகிறேன்.

வேலை எளிமையானது. திருப்பூரில் ஆறு சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் (துணிக்குச் சாயமேற்றுபவை) ஓடும் ஒரு பட்டறை. ஒவ்வொரு மெஷினிலும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் உண்டு. அதில் ஆர்எஸ்-485 என்ற இரு கம்பி இணைப்பு வழியாக, மோட்பஸ் என்ற தொழிற்சாலைக் கருவிகளின் மொழியில் பேசும் வசதியும் உண்டு, ஆனால் யாரும் அதில் கம்பி மாட்டியதில்லை. ஒரு லாட் துணி ஷேடு (நிறச் சாயல்) மாறி வந்தால், வெப்பம் சரியாக ஏறியதா, அறுபது டிகிரியில் முழு ஒரு மணி நேரம் நின்றதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆதாரம் கிடையாது. நோட்டில் எழுதியது எல்லாம் எப்போதும் சரியாகவே இருக்கும். ஷேடு மாறிய துணியை மறுபடி சாயம் போட்டால் மறுபடி தண்ணீர். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேவிடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டோடுதான் திறந்தன. அன்றுமுதல் தண்ணீர் உள்ளே வரும்போது ஒரு விலை, வெளியே போகும்போது அதைவிடப் பெரிய விலை. ஆகவே முதலாளி என்னிடம் கேட்டது இதுதான்: ஆறு மெஷினின் வெப்பநிலையையும் இரண்டு வினாடிக்கு ஒருமுறை பதிந்துவைக்கும் ஒரு சிறு கணினி.

முதல் பெட்டி: 2023 ஜூன்

கல்லூரி மாணவர்கள் எல்லோரிடமும் இருக்கும் கையளவுக் கணினிப் பலகை ஒன்றை வாங்கினேன். 4,800 ரூபாய். மெமரி கார்டில் லினக்ஸ், யுஎஸ்பியில் செருகும் ஆர்எஸ்-485 மாற்றி, பாலிகார்பனேட் பெட்டி, செல்போன் சார்ஜர் போன்ற ஓர் அடாப்டர். என் வீட்டு மேசையில் பத்து நாள் நிற்காமல் ஓடியது. பட்டறையில் பத்தொன்பதாம் நாள் நின்றது.

போய்ப் பார்த்தால் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. கார்டு படிக்க மறுத்தது. மட்டமான கார்டு என்று நினைத்து விலை கூடிய கார்டு போட்டேன். அது நாற்பது நாள் தாங்கியது. மூன்றாவது, பன்னிரண்டு நாள். அப்போதுதான் மீட்டரை எடுத்தேன். முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்.

அடாப்டரின் முனையில் 5.1 வோல்ட். இரண்டு மீட்டர் மெல்லிய யுஎஸ்பி கேபிளைத் தாண்டிப் பலகையின் முனையில் அளந்தால் 4.6. இந்தப் பலகைகள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னழுத்தம் போதவில்லை என்று ஒரு குறிப்பை உள்ளே எழுதிவைக்கும். அதைப் படித்துப் பார்க்கும் கட்டளை எனக்குத் தெரியும், படித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை. இதற்கு மேல், பக்கத்து அறையில் கம்ப்ரஸர் மோட்டார் ஸ்டார் டெல்டா முறையில் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த பிளக் பாயின்ட்டில் மின்சாரம் குழிந்து எழுந்தது. மின்வெட்டு வந்தால் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள எட்டிலிருந்து பத்து வினாடி. நாளுக்கு இரண்டு, மூன்று முறை கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே பலகையின் உயிரைப் பிடுங்கியிருக்கிறேன். கார்டைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இன்னொரு அசட்டுத்தனமும் இருந்தது. அந்தப் பலகையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய்வந்தால் அது தான் கடைசியாக நினைவில் வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். இரண்டு வாரப் பதிவில் ஒரே லாட் இரண்டு முறை சாயம் போட்டதாக வந்தது. டையிங் மாஸ்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்கள் கணினி என்னைவிட ஓவர்டைம் பார்க்கிறதே" என்றார்.

இரண்டாவது: விசிறி வைத்த கதை

மின்சாரத்தைச் சரிசெய்தேன் என்று நினைத்துக்கொண்டேன்: நல்ல அடாப்டர், அரை மீட்டர் தடித்த கேபிள். அடுத்து வெப்பம் தலைகாட்டியது. மெஷின்களுக்கு நடுவே காற்றின் வெப்பம் நண்பகலில் 41 டிகிரி. பிளாஸ்டிக் பெட்டிக்குள் 56. செயலி 82 டிகிரி தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பலகையின் விவரத் தாளில் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 50 டிகிரிவரை என்றுதான் போட்டிருக்கிறது. சுற்றுப்புறம் என்றால் பெட்டிக்கு வெளியே என்று நான் எடுத்துக்கொண்டேன். பலகைக்குச் சுற்றுப்புறம் பெட்டியின் உட்புறம்தான்.

பெட்டியின் இரு பக்கமும் துளையிட்டு, 40 மி.மீ. விசிறி ஒன்றை மாட்டினேன். செயலி 61 டிகிரிக்கு இறங்கியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

சாயப்பட்டறைக் காற்று வெறும் காற்று அல்ல. பெராக்சைடு பிளீச் 95 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது எழும் நீராவி, நடுநிலைப்படுத்த ஊற்றும் அசிட்டிக் அமிலம், பாலியஸ்டர் துணியைக் கழுவும் ஹைட்ரோஸின் கந்தக நெடி, மூட்டை பிரிக்கும்போது பறக்கும் சோடா ஆஷ், உப்புத் தூள் எல்லாம் அதில் உண்டு. விசிறி இதையெல்லாம் நாள் முழுக்க உறிஞ்சிப் பலகையின் மேல் ஊதியது. ஆகஸ்ட்டில் மாட்டினேன். அக்டோபரில் விசிறி நின்றது. தூக்கிப் பார்த்தால் ஈத்தர்நெட் ஜாக்கின் பின்கள் கறுத்திருந்தன. பின்வரிசைக்கு நடுவே ஈரமான சாம்பல் நிறப் படிவு. அதில் மீட்டர் முனைகளை வைத்தால் சில ஆயிரம் ஓம் காட்டியது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பல் துலக்கும் பிரஷுமாக ஒரு மாலை முழுக்கத் தேய்த்தேன். மூன்று நாள் ஓடிவிட்டு அடங்கியது.

அந்தக் குட்டி விசிறியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. ஆவி உள்ள இடத்தில் பெட்டிக்குத் துளை போடுவது, மழையில் நனைகிறவன் குடையில் ஓட்டை போட்டுக்கொள்வது போல.

மூன்றாவது: இறுக்கி மூடியது

அடுத்து எதிர்ப்பக்கத்துக்குச் சாய்ந்தேன். மூடியின் விளிம்பில் ரப்பர் கேஸ்கட் வைத்த, தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத ஐபி65 பெட்டி, காற்றுத் துளையே இல்லை. கேபிள்கள் மேல்பக்கத்தில் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் வளையம்) வழியாக உள்ளே போகும். வெப்பத்துக்குச் செயலியின்மேல் ஒரு பெரிய ஹீட் சிங்க், அதாவது சூட்டை உறிஞ்சிக் காற்றில் விடும் உலோகத் துண்டு. ஹீட் சிங்க் தன் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று யோசிக்கவில்லை. மூடிய பெட்டிக்குள் அது சும்மா நின்றது. ஆனாலும் மழைக்காலம் நெருங்கிக் காற்று சற்றுத் தணிந்திருந்ததால் ஓடியது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமைக் காலை தொலைபேசி வந்தது. போய்த் திறந்தால் மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர்.

கிளாண்ட் கசிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் ஓரளவு உண்மை. மேலிருந்து வரும் கேபிள் வழியாகத் தண்ணீர் ஓடிவந்து கிளாண்டின் வாயில் நின்றிருந்தது. ஷிஃப்டு முடிந்ததும் ஆட்கள் ஹோஸ் பைப்பால் மெஷின், சுவர், தரை எல்லாவற்றையும் அடித்துக் கழுவுவார்கள். ஆனால் அவ்வளவு தண்ணீர் கிளாண்ட் வழியாக வரவில்லை. நான் பெட்டியை மூடியது ஒரு மாலை நேரம். உள்ளே அடைபட்ட காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அப்படிப்பட்ட காற்று 34 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனி கோக்கத் தொடங்கிவிடும். சனிக்கிழமை இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறார்கள். ஞாயிறு இரவு 22 டிகிரி. குளிர்கிற பெட்டி கேஸ்கட்டின் நுண்ணிய இடுக்கு வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்; அதோடு இன்னும் கொஞ்சம் ஈரம். திங்கட்கிழமை ஆறு மணிக்கு மெயினைப் போட்டால் ஈரப் பலகையில் மின்சாரம் ஓடும். ஞாயிறு முழுக்க நனைந்து கிடந்ததைவிட அந்த முதல் பத்து நிமிடம்தான் பலகையைக் கொன்றிருக்கிறது. 5 வோல்ட் தடத்தின் ஓரம் முழுக்கப் பச்சை.

முதலாளி நல்ல மனிதர். "வேண்டாம், விட்டுவிடலாமா?" என்று மட்டும் கேட்டார். ஜனவரிவரை அவகாசம் கேட்டேன்.

நான்காவது

இந்த முறை கணினியை வாங்குவதற்கு முன் மூன்று நாள் வெறும் அளவெடுத்தேன். மாஸ்டர் மேசையில் கிடந்த பழைய வெப்பமானி, கடன் வாங்கிய ஈரப்பதமானி, மீட்டர், ஒரு நோட்டு. மிக வெப்பமான இடம் ஸ்டெண்டர் (துணியை விரித்துக் காயவைக்கும் மெஷின்) பக்கம், 46 டிகிரி. ஆறாம் மெஷினின் பின்சுவரில் 39 தாண்டவில்லை, ஹோஸ் தண்ணீரும் அங்கே நேரடியாகப் படுவதில்லை. பெட்டியை நான்கு மீட்டர் நகர்த்தியதற்குச் செலவு எட்டு மீட்டர் கேபிள். குறைந்த வெப்பத்தை அதைவிட மலிவாக யாரும் எனக்கு விற்க மாட்டார்கள்.

பலகைக்கு ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 எடுத்தேன். 2 ஜிபி நினைவகம், 16 ஜிபி ஈஎம்எம்சி (சேமிப்புச் சிப்), வைஃபை இல்லாத வகை. உலோகப் பெட்டிக்குள் வைஃபை எதற்கு? இதன் வெப்ப எல்லை மைனஸ் 20 முதல் 85 டிகிரி. சேமிப்பு பலகையிலேயே பற்றவைத்திருப்பதால் செருகி எடுக்கும் கார்டும் இல்லை, அதன் துருப்பிடிக்கும் முனைகளும் இல்லை. அதைச் சுமக்கும் தாய்ப்பலகை தொழிற்சாலைக்கென்றே செய்தது: 9 முதல் 36 வோல்ட்வரை எதைக் கொடுத்தாலும் ஏற்கும், ஆர்எஸ்-485 வாயில் மின்சார ரீதியாகத் தனித்திருக்கும், பேட்டரிக் கடிகாரம் உண்டு, மின் பேனல்களில் இருக்கும் 35 மி.மீ. டின் ரெயில் என்ற உலோகப் பட்டையில் மாட்டலாம்.

மென்பொருளை ஏற்றும்போது ஒரு மதியம் வீணானது. ஜம்பரைப் போட்டு, மடிக்கணினியோடு யுஎஸ்பியில் இணைத்து ஈஎம்எம்சியில் எழுதுவதெல்லாம் சரியாக நடந்தது. பிறகு மாஸ்டரின் பென் டிரைவைச் செருகினால் கணினி கண்டுகொள்ளவே இல்லை. தாய்ப்பலகை பழுது என்று திருப்பி அனுப்பக் கவர்கூடத் தேடிவிட்டேன். இந்த மாட்யூலில் யுஎஸ்பி வாயில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அணைத்தே வரும். கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் விழித்துக்கொள்ளும். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

வெப்பத்துக்கு விசிறியும் இல்லை, உள்ளே நிற்கும் ஹீட் சிங்க்கும் இல்லை. வார்ப்பு அலுமினியப் பெட்டியே ஹீட் சிங்க். செயலியின் முதுகுக்கும் பெட்டியின் மூடிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும். ஸ்கேல் உள்ளே போகாது. வீட்டில் சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையைப் பாலிதீன் தாளில் சுற்றிச் செயலியின்மேல் வைத்து, மூடியை இறுக்கித் திறந்தேன். அழுந்திய மாவை வெர்னியரில் அளந்தால் 5.6 மி.மீ. 5 மி.மீ. தடிமனில் வெறும் தெர்மல் பேடு (சூட்டைக் கடத்தும் மெத்தை) வைத்துப் பார்த்தது ஒரு தவறு; அழுத்தமே இல்லாமல் செயலி 74 டிகிரியில் நின்றது. பிறகு லேத் பட்டறையில் 4 மி.மீ. அலுமினியத் துண்டு ஒன்றை 30க்கு 30 அளவில் வெட்டிவாங்கி, இரு பக்கமும் 1 மி.மீ. பேடு வைத்து இறுக்கினேன். பேடுகள் அழுந்தி இடைவெளி சரியாக நிரம்பியது. வெளியே 39 டிகிரி இருக்கும்போது செயலி 58. மூடியைத் தொட்டால் இளஞ்சூடு. வெப்பம் வெளியே வருகிறது என்பதற்கு அந்தச் சூடே சாட்சி.

மின்சாரம்தான் அதிக நாள் எடுத்தது. பேனலிலிருந்து தனி எம்சிபி (டிரிப் சுவிட்ச்), மெயின் மின்சாரத்தை 24 வோல்ட்டாக மாற்றித்தரும் 1.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் பத்து வினாடியைக் கடக்க ஏதாவது வேண்டும். சின்ன யுபிஎஸ் வைக்கலாம், ஆனால் ஈய அமில பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களே சொல்லும் கணக்கு. ஆகவே பேட்டரிக்குப் பதில் மின்சாரத்தைச் சற்று நேரம் தேக்கிவைக்கும் சூப்பர் கெப்பாசிட்டர்: 2.7 வோல்ட், 10 ஃபாரட் உள்ளவை பத்து, தொடராக. மொத்தம் 27 வோல்ட் தாங்கும், 1 ஃபாரட். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர், எல்லாம் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதற்கு.

நேராக எஸ்எம்பிஎஸ்ஸில் இணைத்தேன். அதன் பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. இன்னொரு எஸ்எம்பிஎஸ் வாங்கிவந்து மாட்டினேன், அதுவும் மின்னியது. காலியான 1 ஃபாரட் கெப்பாசிட்டர் அதற்கு ஷார்ட் சர்க்யூட்டாகத் தெரிகிறது. ஷார்ட் என்று நினைத்துத் தன்னை அணைத்து அணைத்து முயல்கிறது. கெட்டது எஸ்எம்பிஎஸ் அல்ல. 47 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக மெதுவாக ஏற்றி, டயோடு வழியாக இறக்கும்படி மாற்றினேன். நிரம்ப நான்கு நிமிடம் ஆகும், அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலிலும் ஒரு டயோடு, கெப்பாசிட்டர் பின்னோக்கி ஊட்டாமல் இருக்க. டயோடுகளின் இழப்புபோக 23.5 வோல்ட்டிலிருந்து 9 வோல்ட்வரை இறங்கினால் சுமார் 235 ஜூல். என் பெட்டி 6 வாட் இழுக்கிறது, ஆக 39 வினாடி. கடிகாரம் வைத்து அளந்தபோது 33. பத்து வினாடிக்கு இது தாராளம்.

அடுத்த பொறி நான் எதிர்பாராதது. மின்சாரம் போனதை ஓர் ஆப்டோகப்ளர் (கம்பித் தொடர்பில்லாமல் ஒளியால் சிக்னல் கடத்தும் சிப்) மூலம் கணினிக்குச் சொல்லி, இருபது வினாடி தாண்டினால் ஷட்டவுன் செய்யும்படி எழுதியிருந்தேன். சோதித்தேன்: மெயினை அணைத்தேன், இருபது வினாடியில் கணினி ஒழுங்காக உறங்கியது. முப்பதாவது வினாடியில் மெயினைப் போட்டேன். எழவில்லை. உறங்கிய கணினி ஏறக்குறைய எதையும் இழுக்காது, ஆகவே கெப்பாசிட்டர் காலியாகவில்லை. மின்சாரம் போனதாகவே அதற்குத் தெரியாதபோது வந்ததும் எப்படித் தெரியும்? ஒரு கூட்டம் ஆட்கள் ஷிஃப்டு மாறும் நேரத்தில் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஷட்டவுனையே தூக்கிவிட்டேன். இருபது வினாடி தாண்டினால் கையில் இருப்பதை எழுதி முடித்து, கோப்புகளைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும் நிலைக்கு மாற்றிவிட்டு விழித்தே காத்திருக்கும். மின்சாரம் திரும்பினால் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்யும். திரும்பாவிட்டால் உயிர் போகும்போது போகட்டும், எழுதிக்கொண்டிருக்கும்போது போகாது. இயங்குதளப் பகுதி எப்போதும் படிக்க மட்டுமே. பதிவுகளுக்குத் தனிப் பகுதி, நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுத்து. நிரல் உறைந்துபோனால் பதினைந்து வினாடியில் வாட்ச்டாக் என்ற காவல் கடிகாரம் கணினியை மறுதொடக்கம் செய்து எழுப்பும். பதினெட்டு மாதத்தில் இரண்டு முறை எழுப்பியிருக்கிறது.

கம்பிக்கு வருவோம். முதல் மூன்று பெட்டிகளிலும் நாளுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் பிழைச் செய்திகள் வந்தன; ஆறு மெஷினுக்குமாகச் சேர்த்து நாளுக்கு 2,59,200 கேள்விகள் போவதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இரண்டு கம்பிகளுக்கும் இடையே மீட்டரை வைத்தேன். 17 ஓம். 60 வர வேண்டிய இடம். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒவ்வொரு கன்ட்ரோலரிலும், என் முனையிலுமாக ஏழு இடத்தில், கம்பியின் இரு கோடியில் மட்டும் இருக்க வேண்டிய 120 ஓம் ரெசிஸ்டரைப் போட்டிருந்தேன். 120ஐ ஏழால் வகுத்தால் 17. இரு கோடிகளில் மட்டும் விட்டு மற்றவற்றைப் பிடுங்கினேன். பம்ப் மோட்டார்களின் டிரைவ் கேபிள்களோடு ஒரே டிரேயில் போன கம்பியை எதிர்ச்சுவருக்கு மாற்றி, முறுக்கிய ஷீல்டு கேபிளாக 60 மீட்டர் புதிதாக இழுத்தேன். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ஒன்றாம் மெஷின் பேனலின் எர்த்துக்கும் ஆறாம் பேனலின் எர்த்துக்கும் இடையே 7 வோல்ட் ஏசி இருந்தது. தனித்திருக்கும் வாயில் அங்கேதான் கூலிக்கு வேலை செய்கிறது. இப்போது நாளுக்குப் பத்துப் பதினைந்து பிழைகள். எலக்ட்ரீஷியனிடம் அந்த 7 வோல்ட்டைச் சொன்னேன். "அண்ணா, அது எப்போதும் இருப்பதுதான்" என்றார். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஈரத்துக்கு மூன்று காரியங்கள் செய்தேன். பலகைகளுக்கு அக்ரிலிக் பூச்சு ஸ்பிரே: இணைப்பிகளையும் செயலியின் முதுகையும் கேப்டன் (Kapton) டேப்பால் மூடி, மெல்லியதாக இரண்டு முறை, ஒரு நாள் காயவிட்டு. ரூபாய் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கைக் காட்டினால் பூச்சு ஒளிரும். விட்டுப்போன இடம் கறுப்பாகத் தெரியும். ஓர் ஓரத்தில் டேப் சரியாக ஒட்டாமல் ஈத்தர்நெட் ஜாக்குக்குள் பூச்சு இறங்கிவிட்டது, அதைச் சுரண்டி எடுக்க ஊசியும் ஒரு மணி நேரமும் ஆயின. இரண்டாவது, எல்லாக் கேபிளும் இப்போது கீழ்ப்பக்கத்திலிருந்துதான் ஏறுகிறது. ஏறுவதற்கு முன் ஒரு சாண் தொங்கி வளைகிறது, வழிந்துவரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈத்தர்நெட்டுக்கு, திருகி இறுக்கும் எம்12 இணைப்பி. மூன்றாவது, பெட்டியின் அடியில் ஒரு சுவாச வால்வு: காற்று போய்வரும், தண்ணீர் வராது. 420 ரூபாய்ப் பொருள். பெட்டி குளிரும்போது கேஸ்கட் வழியாக ஈரத்தை இழுக்காமல் இருப்பது இதனால்தான்.

நான்காவது காரியத்துக்குச் செலவே இல்லை. இந்தப் பெட்டியின் எம்சிபியை மெயினுக்கு முன்னால் மாற்றி, ஞாயிறும் ஓடவிட்டேன். 6 வாட் சூடு உள்ளே இருக்கும்வரை பனி கோக்காது. அந்த எம்சிபியின்மேல் சிவப்பு டேப் ஒட்டி, "அணைக்க வேண்டாம்" என்று எழுதினேன். ஒரு வாரம் யாரோ அணைத்தார்கள். மாஸ்டரே தன் கையால் மறுபடி எழுதி ஒட்டினார், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை.

கணக்கு: மாட்யூல் 5,900, தாய்ப்பலகை 13,800, எஸ்எம்பிஎஸ் 1,450, கெப்பாசிட்டரும் சில்லறையும் 1,300, பெட்டி 2,650, எம்12 இணைப்பிகளும் கிளாண்டுகளும் 2,900, அலுமினியத் துண்டும் பேடும் 830, பூச்சு 850, கேபிள் 2,880, வால்வு 420. மொத்தம் 32,980 ரூபாய். தோற்ற மூன்றிலும் நான் விட்டது ஏறக்குறைய 14,000. அதை முதலாளியிடம் கேட்கவில்லை.

அடுத்த பெட்டியில் மாற்றப்போவது சில உண்டு. கெப்பாசிட்டர்களை மாட்யூலுக்கு மேலே வைத்தது தவறு, ஏறும் சூடெல்லாம் அவற்றுக்குத்தான் போகிறது. கீழே இறக்க வேண்டும். தாய்ப்பலகையில் எனக்குத் தேவைப்படாத ஹெச்டிஎம்ஐ வாயில் திறந்தே இருந்தது, அதன் உலோகம் மட்டும் சற்று மங்கியிருக்கிறது. சிலிகான் மூடி போட வேண்டும். பெட்டிக்குள் ஓர் ஈரப்பத உணரி வைத்திருந்தால் இப்படி விரலால் தடவிப் பார்க்க ஸ்குரூ கழற்ற வேண்டியிருக்காது. கேஸ்கட்டை மட்டும் புதிதாக மாற்றி மூடினேன்.

முதலாளி இப்போது ஸ்டெண்டருக்கும் ஒன்று கேட்கிறார். அங்கே 46 டிகிரி, நகர்த்த வேறு சுவரும் கிடையாது. நேற்று மாவு உருண்டையோடு போய் அளந்துவிட்டு வந்தேன்: 6.1 மி.மீ.